டுபாயில் வீடு எடுக்கும் முன் மனைவியைக் கேளுங்கள்

மட்டக்களப்பில் ஆண்கள் வீடு தேடுவதில்லை. பெண்பிள்ளை பிறந்தால் தாய் தகப்பன் வளவுக்குள் ஒரு துண்டை அவளுக்கென்று ஒதுக்கி, கல்லும் சீமெந்துமாகச் சேர்த்து, கல்யாணத்துக்குள் எப்படியாவது ஒரு வீட்டை எழுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். எந்த அறை பின்னேரம் வெக்கையாக இருக்கும், மாரியில் எந்த மூலையில் தண்ணி தேங்கும் என்பதெல்லாம் பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் தெரிந்த விஷயம். இப்படி முப்பது வயதுவரை ஒரு வீட்டைத் தன் பொறுப்பில் பார்த்துத் தெரிவுசெய்யாத மனிதர்தான் டுபாய்க்குப் போகிறார். போய், வேலை முடிந்த ஓர் இரவில் கைபேசியில் நாலு படத்தைப் பார்த்துவிட்டு, மனைவியும் பிள்ளைகளும் வந்து இருக்கப்போகும் வீட்டுக்குக் கையொப்பம் வைத்துவிடுகிறார்.

நான் டுபாயின் அல் குசைஸ் பகுதியில் பிள்ளைகளோடு சில வருடங்கள் இருந்துவிட்டு இப்போது கல்லடிக்குத் திரும்பியிருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அம்மன் கோயில் சடங்குக்குப் போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து குந்தி, "எந்த ஏரியாவில வாடகை குறைவு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு உடன்பாடில்லை. போன மாதம் களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்காவின் மகள் வந்திருந்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

"சின்னம்மா, அவர் சார்ஜாவில எடுப்பமெண்டு நிக்கிறார். டுபாயில கேக்கிற காசில பாதிக்குக் கிட்ட வருமாம். என்ன செய்யிற?"

"அவர்ர கந்தோர் எங்க மகள்?"

"ஜெபல் அலியில."

ஜெபல் அலி டுபாயின் ஒரு தொங்கலில் இருக்கிறது, பக்கத்து எமிரேட்டான சார்ஜா மறு தொங்கலுக்கும் அப்பால். இடையில் இருப்பது இத்திஹாத் வீதியும் ஷேக் முகமது பின் சயீத் வீதியும். காலையில் சார்ஜாவிலிருந்து டுபாய்ப் பக்கமும், மாலையில் டுபாயிலிருந்து சார்ஜாப் பக்கமும் அந்த வீதிகள் அடைத்துக்கொண்டு நிற்கும். வாகனம் இருந்தால் சாலிக் என்கிற வீதிக் கட்டணமும் சேரும். ஒரு வாசலுக்கு 4 திர்ஹம். 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் 6. காசைக்கூட விடுங்கள். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு இரவு எட்டரைக்கு வருகிற தகப்பன் பிள்ளைகளை நித்திரையில்தான் பார்ப்பார். ஊரை விட்டு, தாயை விட்டு, குடும்பம் ஒன்றாக இருக்கவேண்டும் என்றுதானே அங்கே போகிறோம்? அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பமாக இருப்பதென்றால், அவர் முன்னைப்போல் தனியாக இருந்து காசை ஊருக்கு அனுப்புவது மேல். நான் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்று சும்மா சொல்லவில்லை. 2022 ஜனவரியில் எமிரேட்ஸ் வாராந்த விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றியது. டுபாயில் வெள்ளி அரை நாள். சார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்று வைத்தது. பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். சார்ஜாவில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் தகப்பன் டுபாயில் ஒரு தனியார் கம்பனியில் சனிக்கிழமையும் வேலை செய்தால், மூன்று நாளில் இரண்டு நாள் தாயும் பிள்ளைகளும் நாலு சுவருக்குள். வீட்டு விளம்பரத்தில் இது இராது.

சார்ஜா கூடாது என்றும் சொல்லமாட்டேன். வேலை சார்ஜாவிலோ அஜ்மானிலோ இருந்தால் அங்கேதான் எடுக்கவேண்டும். டுபாய் விமான நிலையத்தைச் சுற்றி, குசைஸில், முஹைஸ்னாவில் வேலை என்றால் எல்லையோரத்து சார்ஜாவும் தாங்கும். ஆனால் அல் நஹ்தா என்ற பெயரில் டுபாயிலும் ஓர் இடம் உண்டு, சார்ஜாவிலும் உண்டு. நடுவில் ஒரு வீதிதான். வீதியைக் கடந்தால் வாடகைச் சட்டம் வேறு, கரண்ட் தருகிற நிறுவனம் வேறு, பள்ளிக்கூட விடுமுறை வேறு. "அல் நஹ்தாவில் வீடு" என்று யாராவது சொன்னால் எந்த அல் நஹ்தா என்று முதலில் கேளுங்கள்.

காசுக் கணக்கை வருட வாடகையோடு நிறுத்தக்கூடாது. டுபாயில் வாடகை வருடத்துக்குப் பேசி, வரப்போகும் திகதிகள் இட்ட காசோலைகளாகக் கொடுப்பது வழக்கம். ஒன்று, இரண்டு, நாலு, ஆறு என்று காசோலை எண்ணிக்கை கூடக்கூட வீட்டுக்காரர் வாடகையையும் சற்றுக் கூட்டிச் சொல்வார். சொல்லுக்கு 48,000 திர்ஹம் வருட வாடகை, நாலு காசோலை என்று வைப்போம். முதல் காசோலை 12,000. திருப்பித் தரும் முற்பணம் 5 வீதம், அது 2,400. தரகருக்கு வழக்கமாக இன்னொரு 5 வீதம், அதுவும் 2,400. டீவா என்கிற மின்சார, நீர் சபைக்குத் தொடர்மாடி வீடென்றால் 2,000 வைப்பு. இஜாரி என்ற ஒப்பந்தப் பதிவுக்கும் கொஞ்சம். ஒரு மெத்தை, ஒரு காஸ் அடுப்பு வாங்குவதற்கு முன்னமே 19,000 போய்விடும். பிறகு மாதம் மாதம் டீவா பில்லோடு வருட வாடகையின் 5 வீதம் பன்னிரண்டாகப் பிரித்து வீட்டுக் கட்டணமாக வரும். இந்தக் கணக்குக்கு 200 திர்ஹம். புதிதாகப் போகிறவர்கள் முதல் பில்லைப் பார்த்து, ஏசி இவ்வளவா குடித்தது என்று பயந்துபோவது இதனால்தான்.

குடும்பத்தை எடுக்கச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 சம்பளமும் கம்பனி தரும் இருப்பிடமும் வேண்டும். அது விசாவுக்கான அளவு. வாழ்வதற்கான அளவு என்று நம்பிக்கொண்டு யாரும் வெளிக்கிட வேண்டாம். கல்யாணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் வெளிநாட்டு அமைச்சிலும் கொழும்பிலுள்ள எமிரேட்ஸ் தூதரகத்திலும் உறுதிப்படுத்திக்கொண்டு போனால் அங்கே போய் இழுபட வேண்டியதில்லை.

வெக்கைக்கு வருகிறேன். கச்சான் என்கிற வெக்கைக் காற்றில் வளர்ந்த எங்களுக்கு வெயில் என்ன புதிதா என்று நானும் கேட்டவள்தான். ஊரில் எவ்வளவு கச்சான் அடித்தாலும் பொழுது பட்டால் கடற்காற்று வரும், முற்றத்தில் பாயைப் போடலாம். டுபாயில் யூலை, ஆகஸ்டில் பகல் 40 பாகைக்கு மேல், இரவும் 30 பாகைக்குக் கிட்ட நிற்கும். கடலோரம் என்பதால் ஈரமும் சேரும். ஆகஸ்ட் இரவில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே கால்வைத்ததும் மூக்குக்கண்ணாடி புகைமூடிவிடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 தொடக்கம் 3 மணிவரை வெளியில் நேர் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அரசே தடை போட்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் பிள்ளை பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கும், நீங்கள் கீழே போய் நிற்கவேண்டும்.

ஆகவே மேற்குப் பக்கச் சுவர் எந்த அறையில் இருக்கிறது என்று பாருங்கள். பின்னேர வெயிலை முழுக்க வாங்கிய கொங்கிறீட் சுவர் நடுச்சாமம்வரை வெக்கையைக் கக்கும். அந்த அறை படுக்கையறையானால் ஏசி இரவு முழுக்க நில்லாமல் ஓடும். வரவேற்பறையானால், பகல் முழுக்க அங்கே இருக்கப்போவது நீங்களும் பிள்ளைகளும். மேல்மாடியும் அப்படித்தான், தலைக்கு மேலே கூரைத் தட்டு காய்ந்துகொண்டிருக்கும். வீடு காட்டுகிறவர் காலை பத்து மணிக்குத்தான் கூட்டிப்போவார். பின்னேரம் நாலு மணிக்கு இன்னொரு தரம் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள்.

ஏசி எப்படிப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். பழைய கட்டடங்களில் ஜன்னல் ஏசி. சத்தம் பெரிது, இடுக்கால் தூசியும் கரப்பானும் வரும், ஆனால் பழுதானால் ஆளைக் கூப்பிட்டுக் கழற்றி மாற்றிவிடலாம். புதுக் கட்டடங்களில் மையக் குளிரூட்டல், அங்கே சில்லர் என்பார்கள். சில்லர் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, வேறு கம்பனிக்குத் தனி பில் வருமா என்பதைக் கேட்காமல் இரண்டு வீட்டின் வாடகையை ஒப்பிடவே முடியாது. தனி பில்லுக்கு வேறு வைப்புப் பணமும் கேட்பார்கள்.

இன்னொன்று யாரும் சொல்லித் தராதது. கோடையில் மொட்டைமாடித் தாங்கியில் தண்ணி கொதித்துப்போகும். குளிர்ந்த தண்ணிக் குழாயைத் திறந்தால் பிள்ளையின் கை சுட்டுவிடும். அங்கே பழகியவர்கள் மே மாதத்தோடு ஹீட்டரின் சுவிச்சை நிறுத்திவிடுவார்கள். ஹீட்டர் தாங்கி குளியலறைக் கூரைக்குள், ஏசிக் குளிரில் இருப்பதால் அதற்குள் நிற்கும் தண்ணி ஆறிவிடும். பிறகு சிவப்புக் குறி போட்ட குழாயில் வருவதுதான் குளிர்ந்த தண்ணி. ஹீட்டர் எங்கே பூட்டியிருக்கிறது என்று வீடு பார்க்கும்போதே அண்ணாந்து பாருங்கள். வெளிப் பல்கனியில் இருந்தால் இந்த வேலை நடக்காது.

பல்கனிக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை அதில் நிற்க முடியாது. தெருவுக்குத் தெரியத் துணி காயவைப்பதை நகரசபையும் விரும்பாது. வடமேல் காற்று அடித்தால் மாப்போலத் தூசி வந்து படியும்.

அடுத்து வெள்ளம். பாலைவனத்தில் வெள்ளமா என்று அக்காவின் மகளும் கேட்டாள். 2024 ஏப்ரல் 16ஆம் திகதி நான் குசைஸில் இருந்தேன். அந்த நாட்டில் அளவெடுக்கத் தொடங்கிய 75 வருடங்களில் பெய்த ஆகக்கூடிய மழை அது. அல் அய்ன் பக்கத்தில் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீற்றர். எமிரேட்ஸில் வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 100 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான். எங்களுக்கு மாரி என்றால் முகத்துவாரத்தை வெட்டிவிட்டு வாவித் தண்ணியைக் கடலுக்கு விடலாம் என்பது தெரியும். அங்கே நிலம் சப்பை, இறுகிய மண், அதன் மேல் தார், மழைநீர் வடிகால்கள் அந்த மழைக்குப் போதாது. பவுசர் கொண்டுவந்து உறிஞ்சி எடுத்தார்கள். சார்ஜாவில் அல் மஜாஸ், அல் காசிமியா பக்கத்துச் சில தெருக்களில் ஒரு கிழமைக்கு மேலாகத் தண்ணி நின்றது. மெட்ரோவின் சிவப்புப் பாதையில் மூன்று நிலையங்கள் மே 19 வரையும் இன்னொன்று அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த, எங்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனத்துக்கு இது பழகிய பாடம்தான். ஆனால் உயரத் தொடர்மாடியில் வெள்ளத்தின் பாடு வேறுமாதிரி. தண்ணி உங்கள் வாசலுக்கு ஏறாது. நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்குள் இறங்கும், அங்கே இருக்கும் மின்பலகையும் நீர் பம்பும் நின்றுபோகும். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, மேலே ஏற்றாததால் குழாயில் தண்ணியும் இல்லை. பத்தாம் மாடி, பதினைந்தாம் மாடியில் கைக்குழந்தையோடு இருந்தவர்கள் ஐந்து கேலன் தண்ணிப் போத்தலைப் படியால் சுமந்தார்கள். கூரைக்குக் கீழே ஒரு தட்டும் தரைக்கு மேலே ஒரு தட்டும் விட்டு, நீங்கள் படியால் ஏறி இறங்கக்கூடிய உயரத்தில் எடுங்கள் என்று நான் சொல்வது வெக்கைக்கும் இதற்கும் சேர்த்துத்தான். எனக்கு அது மூன்றாம் மாடி.

எந்தத் தெரு பள்ளம் என்று தரகர் சொல்லமாட்டார். கட்டடக் காவலாளியைக் கேளுங்கள். அங்கே நாத்தூர் என்பார்கள். பெரும்பாலும் பங்களாதேஷ், பாகிஸ்தான், இந்திய ஆட்கள். வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, "2024 மழையில் இங்கே கார் எங்கே நின்றது?" என்று கேட்டால் கையைக் காட்டி உள்ளது உள்ளபடி சொல்வார்கள். மூட்டைப்பூச்சி உண்டா, லிஃப்ட் எத்தனை நாளுக்கு ஒருக்கா நிற்கும், வீட்டுக்காரர் திருத்த வேலைக்குக் காசு இறக்குவாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

மெட்ரோவுக்குப் பக்கம் என்ற விளம்பரத்தையும் மத்தியானத்தில் நடந்து பார்த்துத்தான் நம்பவேண்டும். ஜனவரியில் பத்து நிமிட நடை, ஆகஸ்டில் தள்ளுவண்டியோடு வேறு கதை. குசைஸ் பக்கம் பச்சைப் பாதையில் இருக்கிறது. யூனியனிலோ புர்ஜுமானிலோ இறங்கி சிவப்புப் பாதைக்கு மாறலாம். என் கணவரின் கந்தோர் பர் டுபாயில் இருந்ததால் எங்களுக்கு அது பொருந்தியது. விமான நிலையம் கிட்ட, சத்தம் இருக்கும், பழகிவிட்டோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை முதலில் முடிவெடுத்து, பிறகு வீட்டைத் தேடினோம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலிலும் பிரித்தானியப் பள்ளிகள் செப்டம்பரிலும் தொடங்கும். ஊரில் வருடம் ஜனவரியில் தொடங்குவதால் எப்படிப் பார்த்தாலும் சில மாதம் இடிக்கும்.

கோயில், பள்ளிவாசல், சர்ச் விஷயத்தில் ஒரு சொல். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்கு எந்தத் தெருவிலும் பள்ளிவாசல் நடைதூரம். கத்தோலிக்கர்களுக்கு ஊத் மேத்தாவில் சென் மேரிஸ், மெட்ரோவில் போகலாம். சைவக்காரர்களுக்குத்தான் தூரம். ஜெபல் அலியில் 2022இல் திறந்த பெரிய கோயில் நகரின் தெற்குத் தொங்கலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் போகாவிட்டால் மனம் ஆறாது என்பவர்கள் இதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் குடும்பமாகப் போகிறவர்களுக்கு. மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலிருந்தும் போகிறவர்களில் அதிகம் பேர் தனி ஆட்கள், பெட் ஸ்பேஸில் இருக்கப்போகிறவர்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தெரிவே இல்லை, எசமான் காட்டும் அறைதான். பெட் ஸ்பேஸ்காரருக்குக் கொஞ்சம் தெரிவு உண்டு.

பெட் ஸ்பேஸ் என்றால் ஓர் அறைக்குள் இரட்டைத்தட்டுக் கட்டில்களில் ஆறு பேர், எட்டுப் பேர். பார்ட்டிஷன் என்றால் வரவேற்பறையை ஜிப்சம் பலகையால் தடுத்து, ஜன்னல் இல்லாத பெட்டி மாதிரி ஆக்கி வாடகைக்கு விடுவது. அனுமதியில்லாத பார்ட்டிஷனில் இருக்கவே கூடாது என்பது என் கருத்து, எவ்வளவு மலிவானாலும். தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை. 2025 ஜூனில் டுபாய் நகரசபை அல் ரிக்கா, முரக்கபாத், சத்வா, அல் பர்ஷா, அல் ரஃபா பகுதிகளில் இறங்கிச் சோதித்தபோது பலர் குறுகிய அவகாசத்தில் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வந்தார்கள். முற்பணத்தை யாரிடம் கேட்பது? கைக்குக் கை கொடுத்த காசு, துண்டுச் சீட்டும் இல்லை.

பெட் ஸ்பேஸ் எடுக்கும்போது வாடகை வாங்குகிறவரிடம் இஜாரியைக் காட்டச் சொல்லுங்கள். அவர் பெயர் அதில் இருக்கிறதா, உங்களையும் கூட இருப்பவராக டுபாய் நிலத் திணைக்களத்தின் டுபாய் ரெஸ்ட் செயலியில் பதிவாரா? பதிய மறுத்தால் அந்த வீட்டில் சட்டப்படி நீங்கள் இல்லை. பிறகு விடிய ஐந்து மணிக்கு அந்தக் குளியலறையை எத்தனை பேர் பாவிப்பார்கள் என்று கேளுங்கள். உங்கள் அறையில் இரவு வேலைக்காரரும் பகல் வேலைக்காரரும் கலந்திருந்தால் நித்திரை போச்சு. மெத்தைத் தையலை விரித்து டோர்ச் அடித்துப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள், மூட்டை உங்கள் பெட்டியோடு ஊருக்கும் வரும். மருந்தடிக்கிறோம் என்று சொல்லி நடுப்பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு அடிக்கிற வீட்டில் நிற்கவே வேண்டாம், அந்த மருந்து ஆளையும் கொல்லக்கூடியது.

அக்காவின் மகள் கடைசியாகக் கேட்டது நியாயமான கேள்வி. "நான் இங்க இருந்துகொண்டு எப்பிடிச் சின்னம்மா சுவரில கைய வைக்கிற?" இயலுமானால் முதல் மாதம் மாத வாடகைக்குத் தளபாடத்தோடு ஓர் அறையை எடுத்து, நீங்கள் போன பிறகு இரண்டு பேருமாகத் தேடுங்கள். மாதக் கணக்கில் கூடத்தான் வரும். ஆனால் வருட ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் வழக்கமாக இரண்டு மாத வாடகை தண்டம் கேட்பார்கள், அதோடு பார்த்தால் மலிவு. அதற்கும் வழியில்லையென்றால் அவரை டுபாய் நேரம் நாலு மணிக்கு வீட்டுக்குள் நிறுத்தி வீடியோ கோல் எடுங்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணித்தியால வித்தியாசம்தான். வரவேற்பறையைக் காட்டவேண்டாம், படத்தில் பார்த்தாயிற்று. குசினித் தொட்டிக்குக் கீழே, குளியலறைக் கூரை மூலை, ஏசி மூடி, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே என்ன இருக்கிறது, பள்ளிக்கூட பஸ் எங்கே நிற்கும், எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து கையை வைக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது டுபாய்ச் சட்டத்தில் இரண்டு விஷயம் குடியிருப்பவருக்குச் சாதகம். வாடகையையோ நிபந்தனையையோ மாற்றுவதென்றால் ஒப்பந்தம் முடிய 90 நாளுக்கு முன் வீட்டுக்காரர் அறிவிக்கவேண்டும். விற்கப்போகிறேன், நான் குடிவரப்போகிறேன் என்று எழுப்புவதானால் 12 மாத அறிவித்தல், அதுவும் நொத்தாரிசு மூலம் அல்லது பதிவுத் தபாலில். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாதம் காலி பண்ணுங்க" என்று வந்தால் பயந்து பெட்டி கட்டாதீர்கள்.

திறப்பு கையில் வந்த அன்றே ஒவ்வொரு சுவரையும் கதவையும் தரையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வெளிக்கிடும்போது பெயின்டுக்கு, ஆணித் துளைக்கு, ஏசி கழுவியதற்கு என்று முற்பணத்தில் வெட்டுவது அங்கே வழக்கம். எங்களிடமும் வெட்டப் பார்த்தார்கள். பழைய படங்களைத் திகதியோடு காட்டியதும் பெயின்டுக்காசு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்துவிட்டார்கள்.